கயிறும் தண்டும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் என்னைக் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய நான் கம்பனைப் பற்றியோ நன்னூலைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். நானும் அவ்வாறே எண்ணித்தான் பேனாவை எடுத்தேன். ஆயின் அன்று மாலை கல்லூரியின் மதிலோரத்தில் மாணவர் நிறுத்திவைத்திருந்த துவிச்சக்கரவண்டிகளின் நீண்ட வரிசை என் கண்ணிற் பட்டது. எண்ணம் வேறு வழியிற் சென்றுவிட்டது. பெரியவன் ஒருவன் தன் வண்டியின் பின்னே குழந்தையின் சிறுவண்டியைப் பிணைத்து இழுத்துச் செல்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதனைக் கேட்போர் நகைக்கவுங் கூடும். இழுத்தவனுக்கும் இழுக்கப்பட்டவளுக்கும் அது நகைப்புக்குரியதாய் இருக்கவில்லை என்பதை மாத்திரம் முற்கூட்டியே சொல்லிவைக்கின்றேன்.

யாழ்ப்பாணத்தார்க்குத் துவிச்சக்கரவண்டியின் பெருமையை எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். 1990ஆம் ஆண்டின் பின்னர்ப் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அற்றுப்போன காலத்தில், மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயை உண்டு இருமிக்கொண்டு ஓடின. அதற்கும் வழியற்றவர்கள் சைக்கிளையே நம்பினர். விறகும் வெங்காயமும் நோயாளியும் மணமக்களும் அவ்வண்டியிலேயே சென்றனர். மின்கலமும் கிடையாமையால், வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்டோம். உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயமும் மரவள்ளியும் பயிரிட்டு, அவற்றைத் திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளிற் கொண்டுசென்று விற்ற என் தந்தையார்க்குப் பாரம் கட்டுதல் ஒரு கலையாகவே இருந்தது. எந்தச் சாக்கை எந்தப் பக்கம் வைத்தால் வண்டி சரியாது என்பதை அவர் கையாலே தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அவர் கட்டிய கட்டுக்களுள் ஒன்றை நான் இறக்குமட்டும் மறவேன். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆந் திகதி. வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறுமாறு ஒலிபெருக்கிகள் அறிவித்துச் சென்ற அந்த இரவிலே, இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சி நோக்கி நகர்ந்தனர். செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்துக்குச் சென்றோர் ஒருசாரார். கோப்பாய் வழியாகக் கைதடிப் பாலத்துக்குச் சென்றோர் மற்றொருசாரார். நாங்கள் இரண்டாவது கூட்டத்திற் கலந்தோம். அப்பொழுது எனக்குப் பத்து வயது. அப்பாவின் பெரிய றலிச் சைக்கிளின் கரியலில் அப்பாச்சி இருந்தார். பாரிலே அரிசிச் சாக்கு தொங்கிற்று. கைக்குழந்தையான தங்கையை அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எனக்கென ஓர் அரைச் சைக்கிள் இருந்தது. அதனை விட்டுவர மாட்டேனென்று நான் அழவே, அப்பா கிணற்றடிக்குச் சென்று வாளிக் கயிற்றை அவிழ்த்துவந்து, அதன் ஒரு தலைப்பைத் தம் கரியலிலும் மறு தலைப்பை என் ஹாண்டிலின் நடுவிலும் முடிந்தார். அவர் பெரிய வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தார். நான் சிறிய வண்டியின்மீது இருந்து, நிலத்திற் கால்களை ஊன்றி ஊன்றிப் பின்னாற் சென்றேன்.

கோப்பாய் வெளியிற் கூட்டம் நெருங்கிற்று. ஓரடி வைப்பதற்கு ஒரு நாழிகை காத்திருக்கவேண்டியிருந்தது. இருட்டிலே பெயர்சொல்லிக் கூப்பிடும் குரல்கள் எல்லாப் பக்கத்திலுமிருந்து வந்தன. பிள்ளையைத் தவறவிட்ட தாய்மாரின் குரல்களே அவற்றுட் பல. நான் ஹாண்டிலில் தலையைச் சாய்த்துப் பல முறை கண்ணயர்ந்தேன். ஒவ்வொரு முறையும் கயிறு மெல்ல இறுகும். உடனே முன்னாற் சென்ற வண்டி நின்றுவிடும். "தம்பி?" என்று ஒரு குரல் வரும். "ஓம் அப்பா" என்பேன். மீண்டும் நகர்வோம். விடியற்காலையிற் கைதடியை அடைந்தபின்னர், ஆண்பிள்ளைக்குரிய வீறாப்போடு நான் அப்பாவைக் கேட்டேன், "நான் தானாய் வருவன்தானே, ஏன் கட்டி இழுத்தனீங்கள்?" என்று. அவர் கயிற்றைச் சுருட்டியபடியே மறுமொழி சொன்னார்:

"இழுக்கிறதுக்கில்லைத் தம்பி. இருட்டிலை உன்னைத் துலைச்சுப்போடாமல் இருக்கத்தான்."

அடுத்த ஆண்டு ஊர் திரும்பினோம். வீட்டின் கூரை போயிருந்தது. கிணறு இருந்தது. அந்த வாளிக் கயிறு தன் பழைய தொழிலுக்குத் திரும்பிற்று. நான் இக்கல்லூரியின் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தேன். பின்பு தொண்டராசிரியனாகி, நியமனம் பெற்று, கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட தமிழாசிரியன் என்னும் சான்றிதழோடு நான் படித்த வகுப்பறைக்கே வந்து சேர்ந்தேன். அரைச் சைக்கிள் யாருக்கோ கைமாறிற்று. கயிற்றின் நினைவு மாத்திரம் என்னிடம் இருந்தது. அந்நினைவுதான் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து என்னைத் தவறு செய்வித்தது.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் இன்றி வாடியதை வாசகர் அறிவர். யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு எரிபொருள் இல்லையென அரசாங்கம் அறிவித்தது. பின்னர் கியூஆர் அட்டை முறை வந்து, மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என அளந்து தந்தார்கள். என் மோட்டார்ச் சைக்கிள் கொட்டிலில் தூங்கிற்று. நான் அப்பாவின் பழைய றலியைத் துடைத்து எண்ணெயிட்டு எடுத்தேன். பாரிலே பூட்டிய சிறிய இருக்கையில் மூன்று வயது மகன். கரியலிலே புத்தகப் பைகளும் நான் திருத்தவேண்டிய பயிற்சிக் கொப்பிகளும். ஆறு வயது மகளுக்கு இடமில்லை. கொப்பிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைக் கரியலில் ஏற்றலாமென்றால், அவள் அதற்கு இசைந்தாளல்லள். முற்றத்திலே தன் சிறுவண்டியை ஓட்டப் பழகி இரண்டு மாதமே ஆகியிருந்தது.

"நான் என்ன மூட்டையே, ஏத்திக்கொண்டு போக?" என்று கேட்டாள்.

பாடசாலையோ ஏறக்குறைய இரண்டு மைல். அவளால் முக்கால் மைலுக்குமேல் உழக்க முடியாது. அப்பொழுதுதான் கயிறு என் நினைவுக்கு வந்தது. கடையில் ஆறு முழ நைலோன் கயிறு வாங்கி, அப்பா கட்டியவாறே கட்டினேன். கரியலில் ஒரு தலைப்பு, ஹாண்டிலின் நடுவில் மறு தலைப்பு. முதல் நாள் பெருமிதத்தோடு புறப்பட்டோம். ஒழுங்கையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் நாள் ஒன்றும் நேரவில்லை. இரண்டாம் நாளும் ஒன்றும் நேரவில்லை. மூன்றாம் நாள், சந்திக்கு முன்னால் ஒரு பசுமாடு வீதியைக் கடந்தது. நான் பிறேக்கை அழுத்தினேன். அவள் தன் வேகத்திலேயே முன்னேறி வந்தாள். கயிறு தளர்ந்து நிலத்தில் விழுந்தது. அவளுடைய முன்சில்லு அதன்மேல் ஏறிற்று. மாடு கடந்துவிட்டதென நான் மீண்டும் உழக்கினேன். சில்லின் அச்சிற் சுற்றிக்கொண்ட கயிறு வெடுக்கென இழுபட, ஹாண்டில் குறுக்கே திரும்பிற்று. பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபொழுது என் மகள் வீதியிற் கிடந்தாள்.

நாடியிலே மூன்று தையல். வேறொன்றும் இல்லை, கடவுள் காத்தார். பின்னால் வாகனம் ஒன்றும் வரவில்லை என்பதை நினைக்குந்தோறும், எரிபொருள் தட்டுப்பாட்டுக்கு நன்றி சொன்னவன் இந்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மனைவி என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று மாலை, திண்ணையில் இருந்த அப்பாவிடம் சென்று, ஏதோ வழக்காடுபவன் போல, "நீங்களும் அண்டைக்கு இப்பிடித்தானே கட்டினனீங்கள்?" என்றேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு,

"அண்டைக்கு நான் உழக்கேல்லை. நடந்தனான்" என்றார்.

அவ்வொரு வாக்கியத்தில் என் பிழை முழுவதும் அடங்கிவிட்டது. அவர் நடந்தார், என் காலுக்கு ஏற்ற வேகத்தில் நடந்தார். கயிறு இறுகினால் நின்றார். கயிறு தளரும்படி விட்டாரல்லர். நானோ என் வேகத்தில் உழக்கிவிட்டு, பிள்ளை கயிற்றால் தொடர்ந்து வருவாள் என நம்பினேன். மறுநாள் இரண்டு வண்டிகளையும் முற்றத்தில் நிறுத்தி அளந்து பார்த்தேன். என் வண்டியின் சில்லு 28 அங்குலம். ஒரு சுற்றில் ஏறக்குறைய 88 அங்குலம் உருளும். முன் பற்சில்லில் 44 பற்களும் பின்னதில் 18 பற்களும் இருந்தன. ஆகவே நான் பெடலை ஒரு முறை சுற்றினால் வண்டி கிட்டத்தட்ட 18 அடி செல்லும். அவளுடைய சில்லு 16 அங்குலம். பற்கள் முன்னே 32, பின்னே 16. அவள் ஒரு முறை உழக்கினால் 8 அடிக்குச் சற்று அதிகமாகவே செல்வாள். நான் ஒருமுறை உழக்கும் நேரத்தில் அவள் இருமுறைக்கு மேல் உழக்கினாலன்றி என்னோடு ஒத்துவர முடியாது. ஆசிரியன் ஒருவன் இக்கணக்கைப் பிள்ளைக்கு மூன்று தையல் போட்ட பின்னர்தான் செய்தான் என்பது வெட்கத்துக்குரியது.

இந்நிலையில், என்னுடன் இக்கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவரும் இப்பொழுது நோர்வேயில் வாழ்பவருமான நண்பர், செய்தியறிந்து தொலைபேசியிற் படமொன்று அனுப்பினார். அந்நாடுகளிற் குழந்தையின் வண்டியைப் பெரியவரின் வண்டியோடு ஓர் உருக்குத் தண்டினாற் பிணைக்கின்றார்கள். தண்டு குழந்தை வண்டியின் முன்சில்லை நிலத்திலிருந்து சற்றே உயர்த்திவிடும். பின்சில்லு மாத்திரம் நிலத்தில் உருளும். குழந்தை விரும்பினால் உழக்கலாம். களைத்தால் சும்மா இருக்கலாம். திருப்பமும் நிறுத்தமும் முன்னவர் பொறுப்பு. அப்படத்தைக் கண்டதும் தமிழாசிரியனுக்கு இலக்கணமே நினைவுக்கு வந்தது. நிலைமொழியும் வருமொழியும் புணரும்பொழுது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை விகாரம் நிகழும் என்று ஆண்டுதோறும் கற்பிக்கின்றேன் அல்லனோ? இங்கே இரு வண்டிகள் புணர்கின்றன. தண்டு தோன்றிற்று, வருமொழியின் முதற்சில்லு கெட்டது. நிலத்திற் படுவன மூன்று சில்லுகளே ஆகையால், எண்ணிப் பார்த்தால் அது பெற்றோல் வேண்டாத முச்சக்கரவண்டி.

இலக்கணம் தெரிந்தால் இரும்பு ஒட்டாது. ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞனிடம் படத்தைக் கொண்டு சென்றேன். பட்டறை வாயிலிற் பெயர்ப்பலகை இருந்தது. பழக்கதோஷத்தால் அதில் எழுத்துப்பிழை உண்டோ என்று வாசித்தேன், ஒன்றும் இல்லை. உள்ளே முகமூடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தவனைக் கண்டதும் நான் திகைத்தேன். அவன் என் மாணவன். நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் எட்டாம் வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்தவன். லகர ளகர ழகரங்கள் அவன் கையில் ஒன்றோடொன்று இடம் மாறிக்கொண்டேயிருக்கும். ஒருநாள் 'பள்ளிக்கூடம்' என்பதைப் 'பல்லிக்கூடம்' என எழுதிவிட்டான். நான் அதனை வகுப்பில் உரத்து வாசித்தேன். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்ததாகத்தான் அன்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு பிழைக்கும் ஐம்பது முறை எழுதுமாறு பணித்தேன். அவன் சாதாரண தரப் பரீட்சையில் தமிழிற் சித்தியடையாமலே வெளியேறினான்.

"வாங்கோ சேர், இருங்கோ" என்று ஒரு வாங்கைத் துடைத்துப் போட்டான். படத்தை நெடுநேரம் பார்த்தான். மகளின் நாடியிலிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தான். நடந்ததை ஒருவரும் சொல்லாமலே அறிந்துகொண்டான்.

"கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும் சேர். மறிக்கத் தெரியாது" என்றான்.

பின்னர் அவன் எனக்குப் பாடம் நடத்தினான். தண்டை எங்கே பூட்டுவது என்பது முதற் கேள்வி. கரியல் தகடு மெல்லியது, அது முறியும். சீற்றைத் தாங்கும் குழாயிலேயே இரும்புப் பட்டி போட்டு இறுக்கவேண்டும் என்றான். அடுத்தது மூட்டு. தன் வலக்கையை மேசைமேல் நீட்டி வைத்து, மணிக்கட்டை அசைத்துக் காட்டினான். "இடம் வலம் திரும்பவேணும் சேர், இல்லாட்டி முடக்கிலை முறிஞ்சுபோம். மேலை கீழை அசையவேணும். இல்லாட்டிப் பள்ளத்திலை உங்கடை சில்லைத் தூக்கிப்போடும். ஆனால் பக்கத்துக்குச் சரியக்கூடாது. சரிய விட்டால் பிள்ளை விழும். நீங்கள் நிமிர்ந்தால் அவவும் நிமிரவேணும்." ஆகவே நிலைக்குத்தாக ஓராணி, கிடையாக ஓராணி என இரண்டு அச்சாணிகளை மாத்திரம் வைத்து, மூன்றாம் அசைவுக்கு இடமில்லாமற் செய்தான். ஆணிகள் கழலாதபடி குறுக்கே கம்பி செருகினான். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்டே முறிந்தாலும் சிறுவண்டி தனியே ஓடிவிடாதபடி குறுஞ்சங்கிலி ஒன்றால் இரண்டு வண்டிகளையும் பிணைத்தான்.

நான் அவ்வாங்கில் இருந்துகொண்டு அவன் கைகளையே பார்த்தேன். இரண்டு அசைவுகளுக்கு இடங்கொடுத்து ஒன்றை மறுக்கும் அந்த மூட்டு எனக்கு விளங்க இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. அவன் இரண்டு முறையும் முகம் சுளியாமற் சொன்னான். 'ஐம்பது முறை எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று அவன் சொல்லியிருந்தால் நான் எழுதத்தான் வேண்டும். அவ்வகுப்பிலே நாற்பது பிள்ளைகளைக் கயிற்றிற் கட்டிக்கொண்டு என் வேகத்தில் நான் உழக்கியிருக்கின்றேன். பின்னாற் கேட்ட சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தேனல்லேன். இதனை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. பெயர்ப்பலகையைக் காட்டி, "பிழையில்லாமல் எழுதியிருக்கிறாய்" என்று மாத்திரம் சொன்னேன். அவன் சிரித்து, "ரெண்டு பேரிட்டைக் காட்டித் திருத்தித்தான் சேர் எழுதுவிச்சனான். நீங்கள் இந்த வழியாலை போறனீங்கள் எண்டு தெரியும்" என்றான். அந்தச் சிரிப்பை நான் முன்னரும் கண்டிருக்கின்றேன். எட்டாம் வகுப்பிற் கண்டது அது. அன்று அது சிரிப்பன்று என்பது அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப சின்னப் பொடியன்; நான் உன்னை அப்பிடிச் சிரிக்க வைச்சிருக்கக்கூடாது" என்றேன். அவன் ஆணியொன்றை எண்ணெய்த்துணியால் துடைத்துக்கொண்டே, "அது அப்ப சேர்" என்றான். கூலி வாங்க மறுத்தான். நான் வற்புறுத்தவே இரும்பின் விலையை மாத்திரம் வாங்கிக்கொண்டான்.

யூலை மாத இறுதியில் பாடசாலைகள் வாரத்துக்கு மூன்று நாள் என மீண்டும் நடக்கத் தொடங்கியபொழுது, எங்கள் கூட்டுவண்டியும் வீதிக்கு வந்தது. அதனை ஓட்டுவதற்கும் நான் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. இது போன்ற முயற்சியில் இறங்க எண்ணும் பெற்றோர் யாரேனும் இருப்பின், நான் அறிந்தவற்றைச் சுருங்கச் சொல்கின்றேன். பின்வண்டி முன்வண்டியின் தடத்திலே வாராது. முடக்கிலே உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். ஆதலால் அகல வளையவேண்டும். பிள்ளையின் பாரமும் வண்டியின் பாரமும் சேர்ந்து தள்ளுவதால் நிற்பதற்கு அதிக தூரம் வேண்டும். முன்கூட்டியே மெல்ல மெல்லப் பிறேக் பிடிக்கவேண்டும். சீற்றை விட்டு எழுந்துநின்று உழக்கினால் முன்வண்டி இருபுறமும் ஆடும். அவ்வாட்டம் தண்டு வழியே சென்று பிள்ளையையும் ஆட்டும். நான் கண்ட பள்ளத்தைப் பின்னால் வருபவள் காணமாட்டாள். என் முதுகுதான் அவள் கண்ட உலகம். ஆதலாற் பள்ளம் வரும்பொழுதெல்லாம் "பள்ளம்!" என்று கூவினேன். அவள் "ஓம்!" என்று மறுகுரல் கொடுத்துப் பெடலில் ஊன்றிச் சற்றே எழும்புவாள். அந்த "ஓம்" கேளாவிட்டால் நான் நின்றுவிடுவேன். அப்பா கைதடி வீதியிற் செய்ததையே நான் வேறு விதமாகச் செய்யக் கற்றுக்கொண்டேன்.

அவள் சும்மா இருந்தும் வரலாம். ஆயினும் உழக்கிக்கொண்டே வந்தாள். காலையில் எதிர்காற்று வீசும் நாளில் பின்னாலிருந்து ஒரு சிறு தள்ளல் தெரியும். "நான்தான் தள்ளுறன் அப்பா!" என்பாள். அது முழுப்பொய் அன்று. ஆறு வயதுக் கால்களின் வலு எத்துணைச் சிறியதாயினும், இழுப்பவனுக்கு அது தெரியும்.

மறு ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் வரத்துச் சீராயிற்று. 2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்துடன் கியூஆர் முறையும் நீங்கிற்று. கொட்டிலிலிருந்து மோட்டார்ச் சைக்கிளை எடுத்தேன். மகளோ அதில் ஏற மனமின்றி, "முன்சில்லைக் கீழை விடுங்கோ அப்பா" என்று கேட்டாள். நான் ஒரு மாதம் வரையில் ஏதேதோ சாட்டுச் சொன்னேன். வீதியில் வாகனம் பெருகிவிட்டது, மழை வரப்போகின்றது, சங்கிலிக்கு எண்ணெய் விடவேண்டும் என்றெல்லாம் சொன்னேன். உண்மை என்னவென்றால், என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பாரம் இல்லாமல் ஓட்டுவதற்கு எனக்கே அச்சமாயிருந்தது. அப்பாதான் திண்ணையிலிருந்து கேட்டார்: "கைதடியிலை விடிஞ்ச பிறகும் நான் உன்னைக் கட்டிக்கொண்டே போனனான்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கோப்பாய் வெளிக்குச் சென்றோம். வாகனம் இல்லாத நேரம். இருபுறமும் நீர் நின்றது, கொக்குகள் நின்றன. இரண்டு அச்சாணிகளையும் கழற்றிச் சட்டைப்பையிற் போட்டேன். தண்டு கழன்றதும், ஓராண்டுக்கு மேலாக நிலத்தைத் தொடாத அந்த முன்சில்லு மெல்ல இறங்கி வீதியிற் பட்டது. ரயர் புதிதாகவே இருந்தது. பின்ரயரோ தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. அவள் ஏறினாள். முதல் இருபது முழத்துக்குள் ஹாண்டில் இருமுறை நடுங்கிற்று. நான் கையை நீட்டினேன், அவள் காணவில்லை. பின்பு வண்டி நேராயிற்று. பாலத்தை நோக்கிப் போனாள். நான் என் வண்டியில் ஏறாமல், அதனை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். அவள் சற்றுத் தூரம் சென்று, முன்னே இருந்த பள்ளமொன்றைக் கண்டு, திரும்பிப் பாராமலே, "பள்ளம்!" என்று கூவினாள்.

"ஓம்!" என்றேன்.

கல்லூரிகள் பிள்ளைகளுக்குச் செய்வதும் இதுவே என்று விழா மலரின் மரபுப்படி நான் இங்கே கூறி முடிக்கலாம். சில ஆண்டுகள் முன்சில்லை உயர்த்திப் பிடித்து, பின்பு அதனை உரிய காலத்தில் நிலத்தில் விடுகின்ற கல்லூரி நம் கல்லூரி என்று சொல்வது பொய்யுமாகாது. என்னையும் அவ்வாறே கொண்டுசென்று விட்டது. ஆயின் கயிற்றில் இழுபட்டு வீதியோரத்தில் விழுந்தவர்களும் நம் பழைய மாணவர்களே. அவர்களுட் பலர் எழுந்து, தம் தொழிலைத் தாமே கற்று, நமக்கே கற்பிக்கும் அளவுக்கு உயர்ந்திருக்கின்றனர். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. இவ்விழாவுக்கு அவர்களையும் வாயில்வரை சென்று அழைத்துவரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தண்டு இப்பொழுது அந்தப் பட்டறையிலே தொங்குகின்றது. தேவைப்பட்டோர் இரவலாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கின்றார்கள். இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் அங்கே சென்று, அவன் பெயரை இதிற் குறிப்பிடலாமா என்று கேட்டேன். அவன் முகமூடியை உயர்த்தி, சற்றே யோசித்துச் சொன்னான்:

"பேர் வேண்டாம் சேர். பிழையில்லாமல் எழுதுங்கோ, காணும்."

எழுதிவிட்டேன். அச்சிடுமுன் இருவரிடம் காட்டித் திருத்தியும் கொண்டேன்.